ஜனவரி முதல் தேதி ஊரில் இல்லாதவர்கள்

என் மாமனார் டிசம்பரில் செத்தார். ஆகஸ்டில் செத்திருந்தால், என் மகள் ஜுனுவுக்கு நர்சிங் கல்லூரியில் கிடைத்த இடம் போயிருக்காது. செத்த மனுஷனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று முகத்தைச் சுளிப்பவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். அவர் பாவம், அவர் வேளை வந்தது, போய்விட்டார். உயிரோடு இருக்கிறவர்களைத்தான் எனக்கு வையத் தோன்றுகிறது.

நாங்கள் நேபாளத்தில் கல்கோட் பக்கத்து ஆட்கள். நாகோயாவிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்து ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். ஜப்பான்காரர்களுக்கு பட்டர் சிக்கனும் தட்டுக்கு வெளியே தொங்குகிற பெரிய ரொட்டியும், எங்கள் ஆட்களுக்கு மோமோவும் பருப்புச் சோறும். என் வீட்டுக்காரர் கிம் பகதூர் இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருஷம். ஆறு வயது ஜுனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கடை வருமானம் முழுக்க அவர் பெயரில் இருந்த ஒரே வங்கிக் கணக்கில்தான் விழும். என் பெயரில் கணக்கு கிடையாது. குடும்பம் என்றால் ஒரே பானை என்பார். நானும் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பானையில்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மாமனார் போன செய்தி வந்ததும் கடையைப் பூட்டினோம். ஜுனுவுக்குப் பள்ளி விடுமுறை. ஜனவரியில் நுழைவுத் தேர்வு. புத்தகங்களைப் பையில் திணித்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். எங்களை விமான நிலையத்தில் விட என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் லோகேந்திரா வண்டி கொண்டுவந்தான். போகிற வழியில் நகராட்சி அலுவலகத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எங்கள் மூன்று பேர் வசிப்பிட அட்டைகளையும் வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். ஐந்து நிமிஷ வேலை என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த மனுஷனிடம் அந்த நேரத்தில் எதைக் கேட்பது?

பதின்மூன்று நாள் காரியம் முடித்து, பள்ளி திறக்கும் முன் திரும்பிவிட்டோம். அவருக்குத் தலை மழித்திருந்தது. ஒரு வருஷத்துக்கு வெள்ளைதான்: வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளைத் தொப்பி, துணியில் செய்த வெள்ளைச் செருப்பு. வந்த கையோடு மறுபடி அட்டைகளை வாங்கிக்கொண்டு நகராட்சிக்குப் போய்வந்தார். அப்போதும் நான் அடுப்படியில்தான் நின்றேன்.

ஜுனு தேர்வு எழுதினாள், தேறினாள். வெளிநாட்டுப் பிள்ளைகளில் அந்த வருஷம் அந்தக் கல்லூரியில் தேறியது அவள் ஒருத்திதான் என்று அவளுடைய வகுப்பு ஆசிரியை கடைக்கே வந்து சொல்லி, காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீரோடு மோமோ சாப்பிட்டுவிட்டுப் போனாள். சேர்க்கைப் பணத்தை பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வங்கி மூலம் கட்டிவிட வேண்டும். கெடு நாளில் மூன்று மணிக்குள் வந்து சேராவிட்டால் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

பணம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாத வீட்டுக் கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் நாற்பத்தைந்தாம் நாள் பூஜை முடியாமல் வீட்டில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது. பிள்ளையின் படிப்புக்குத் துக்கத்திலே காசு கட்டினால் விளங்குமா என்றார் அவர். பூஜை முடிந்த மறுநாளும் கெடு நாளும் ஒன்றாக அமைந்தது. ஒரு நாள் இருக்கிறதே, போதாதா என்றுதான் எனக்கும் பட்டது.

அன்றைக்குக் காலையில் அவரும் நானும் வங்கிக்குப் போனோம். அவர் வெள்ளை வெளேரென்று நின்றதைப் பார்த்து, சமையற்கட்டிலிருந்து அப்படியே வந்துவிட்டார் என்று நினைத்து, வேலை நேரத்தில் சிரமப்பட்டு வந்ததற்கு நன்றி என்றாள் கவுன்டரில் இருந்த பெண். நகாசே என்று பெயர் குத்தியிருந்தாள். ஜுனுவைவிட நாலு வயசு கூட இருக்கலாம். படிவத்தை வாங்கிக் கணினியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக் குனிந்தாள். இந்த ஊரில் குனிந்தால் கெட்ட சேதி என்று அர்த்தம்.

கணக்கை முடக்கி வைத்திருந்தார்கள். அவருடைய வசிப்பிட அட்டை ஜனவரியில் புதுப்பித்து வந்தது. புது அட்டையோடு நகராட்சிச் சான்றும் வேண்டும் என்று வங்கி கேட்க, இவரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தச் சான்றில் இவர் ஜனவரியில்தான் நேபாளத்திலிருந்து வந்து குடியேறியதாக இருக்கிறதாம். வந்து ஆறு மாதம் ஆகாதவர் வங்கியின் கணக்குப்படி இந்த நாட்டில் வசிக்காதவர். வசிக்காதவர் உள்ளூர்க் கல்லூரிக்குப் பணம் அனுப்ப முடியாது, எடுக்கவும் முடியாது. தலைமை அலுவலகம் விசாரித்து முடிக்கிறவரை அப்படித்தான்.

நான் சிரித்துவிட்டேன். தப்பாகப் பார்க்கிறீர்கள், இவர் பதினேழு வருஷமாக இங்கே இருக்கிறார், இதே வங்கியில் பதினான்கு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறார், உங்கள் மேனேஜரே எங்கள் கடையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்தான் என்றேன். அவள் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து விரலால் காட்டினாள்.

"டிசம்பர்ல நீங்க மூணு பேரும் நாட்டை விட்டுக் குடிபெயர்ந்து போயிட்டதா அறிவிப்பு குடுத்திருக்கீங்களே. ரொம்ப மன்னிக்கணும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த ஐந்து நிமிஷ வேலை எனக்கு விளங்கியது.

ஜனவரி முதல் தேதி உன் பெயர் எந்த ஊரில் பதிவாகி இருக்கிறதோ, அந்த ஊர் அந்த வருஷத்து உள்ளூர் வரியைப் போடும். அன்றைக்குப் பெயர் எங்கேயும் இல்லையென்றால் வரியும் இல்லை. டிசம்பரில் வெளியேறுவதாக எழுதிக் கொடு, ஊருக்குப் போ, ஜனவரியில் புதுசாக வந்தவன் மாதிரி பதிந்துகொள். எங்கள் சமையல்காரர்கள் நடுவில் இது மோமோ மாவு பிசைகிற பக்குவம் மாதிரி வாய்வழியாகச் சுற்றுகிற விஷயம். இதை அவர் காதில் ஓதியவன் லோகேந்திரா. ஒருத்தர் மட்டும் போனால் சந்தேகப்படுவார்கள் அண்ணா, குடும்பத்தோடு போனதாகக் கொடுங்கள் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். குடும்பத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பெண்டாட்டி பிள்ளை எல்லாரும் போனதாகிவிடும். எங்களைக் கேட்க வேண்டியதே இல்லை. ஆட்டுக்குட்டியைக் கயிற்றோடு ஓட்டிப்போவது போல எங்களையும் நாடு கடத்திக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

வங்கி என்றும் பார்க்கவில்லை, துக்கத்தில் இருப்பவர் என்றும் பார்க்கவில்லை. "வரியை மிச்சம் பண்றேன்னு பெத்த பொண்ணையே ஊர்க்கணக்குலேர்ந்து எடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களை என்ன சொல்றது?" என்றேன். நேபாளியில்தான் கேட்டேன். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும்.

"லோகேந்திரா சொன்னான்..." என்று இழுத்தார்.

வெளியே வந்து லோகேந்திராவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், அச்சச்சோ, வங்கி இப்படியெல்லாமா பார்க்கிறது என்றான். எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"தம்பி, இந்த வேலையை நீ எத்தனை தடவை பண்ணியிருக்கே?"

"நான் எங்க அண்ணி பண்ண முடியும்? எனக்கு வீட்டுக் கடன் ஓடுதுல்ல. பதிவு அறுந்துச்சுன்னா பேங்க்காரன் பிடிச்சிக்குவான்."

செருப்பைக் கழற்றிப் போனுக்குள் வீச முடியாது. முடிந்தால் வீசியிருப்பேன். ஊருக்கு உபதேசம், தனக்கு இல்லை. சேர்க்கைப் பணம் எட்டு லட்சம் யென்னை ரொக்கமாக எங்கே இருந்தாவது புரட்டிக்கொண்டு மூன்று மணிக்குள் இந்த வங்கி வாசலில் வந்து நில், இல்லாவிட்டால் உன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் எங்கள் ஆட்கள் சீட்டுப் பணத்தையே எடுத்துக் கொடுத்திருப்பார்கள். வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், யார் கடையை விட்டு வந்து கொடுப்பார்கள்?

அவனை மட்டும் நம்பி நிற்க எனக்கு மனமில்லை. அவரை இழுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினேன். வரிப் பிரிவில் குவபாரா என்று நரைத்த மனிதர் ஒருவர் இருந்தார். வருகிறவர்கள் எல்லாம் குறைக்கச் சொல்லியும் தவணை கேட்டும் அழுதுவிட்டுப் போகிற மேஜை அது. நான் போய் நின்று, எங்களுக்கு வரி போடுங்கள் என்றேன். தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜனவரி முதல் தேதி நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான், கடை இங்கே, வீடு இங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே, எழுதிக் கொடுத்தது பொய், அதை ரத்து செய்துவிட்டு வரியைப் போட்டு, இவர்கள் இங்கேதான் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

எழுதிக் கொடுத்தவர் வாயால் கேட்க வேண்டும் என்றார் குவபாரா. என் வீட்டுக்காரர் தொப்பியை எடுத்தார். மழித்த தலையில் அப்போதுதான் முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. பதினேழு வருஷத்தில் அவர் ஒரு அதிகாரி முன்னால் இவ்வளவு தெளிவாக ஜப்பானியம் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா காரியத்துக்குத்தான் போனேன். திரும்பி வர்ற டிக்கெட்டும் அன்னைக்கே எடுத்துட்டேன். வரி வேணாமேன்னு பொய் எழுதினேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

குவபாரா எழுதிக்கொண்டார். பிறகு, திட்டாமல் கொள்ளாமல், சாதாரணமாகச் சொன்னார்: வீடும் கடையும் இங்கே இருக்க, ரெண்டு மூணு வாரம் போய்ட்டு வந்தா அது குடிபெயர்ந்ததே ஆகாது, நீங்க என்ன எழுதிக் குடுத்தாலும் வரி உண்டு, ஜூன்ல உங்களுக்கு எப்படியும் நோட்டீஸ் வந்திருக்கும்.

எப்படியும் வந்திருக்குமாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் இல்லை. வரிக்காரனுக்கு நாங்கள் ஊரை விட்டுப் போகவே இல்லை, வங்கிக்காரனுக்கு நாங்கள் வந்து சேரவே இல்லை. வாங்குகிற இடத்தில் உள்ளூர்க்காரன், கொடுக்கிற இடத்தில் அந்நியன். இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வீட்டில் ஒரு நாளாவது உலை கொதிக்காமல் போக வேண்டும் என்று மனதாரச் சபித்தேன்.

பதிவைத் திருத்திச் சான்று தர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றார் குவபாரா. திருத்தக் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று முத்திரை போட்ட ஒரு சீட்டு மட்டும் அப்போதைக்குக் கொடுத்தார். நல்ல மனிதர், கல்லூரிக் கெடுவைச் சொன்னதும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு வங்கிக்குத் திரும்பினோம். நகாசே அதை இரண்டு கையாலும் வாங்கினாள், படித்தாள், பிரதி எடுத்தாள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவதாகவும் பரிசீலனைக்கு மூன்று வாரம் ஆகலாம் என்றும் சொன்னாள். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். போன வாரம் எங்கள் கடையில் ரொட்டி இன்னொன்று கேட்டுச் சாப்பிட்ட அதே மேனேஜர் வந்தார், என்னைப் பார்த்தார், அவளைவிட ஆழமாகக் குனிந்தார். சட்டப்படி தன் கையில் எதுவும் இல்லை என்றார். கத்துகிறவனோடு சண்டை போடலாம், குனிந்து நிற்கிறவனோடு என்ன சண்டை போடுவது?

"எங்க பொண்ணு பன்னெண்டு வருஷம் உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சா. நாளைக்கு உங்க ஊர்க் கிழவங்களுக்குத்தான் ஊசி போடப் போறா. அவ எங்கே வசிக்கிறான்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும்ல?"

"தெரியும்மா. எனக்குத் தெரியும்," என்றார். "கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல. மன்னிக்கணும்."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். பணத்தோடு லோகேந்திரா வந்துவிடுவான் என்று கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மெல்லிய இசை போட்டார்கள். கதவுக்கு மேலிருந்து இரும்புத் திரை கீழே இறங்கியது. பக்கவாட்டுக் கதவு வழியாக எங்களை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். லோகேந்திரா அதற்கப்புறம் வந்து சேர்ந்தான், தெரிந்தவர்கள் மூன்று பேர் கடைக் கல்லாவைத் துடைத்து எடுத்த ரொக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு, பார்க்கிங் கிடைக்கவில்லை அண்ணி என்று சொல்லிக்கொண்டு. உறையை அவன் நெஞ்சிலேயே வைத்துத் தள்ளினேன். கல்லூரிக்குப் போன் செய்தேன். அவர்களும் மிகவும் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஜுனு பள்ளிவிட்டு வந்ததும் நான்தான் சொன்னேன். அழுவாள், கத்துவாள், அப்பாவை நாலு கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கட்டும் என்றும் விரும்பினேன். அவள் முகம் கழுவிக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சாயங்கால வாடிக்கையாளர்களுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து நானே கத்தினேன், அடுத்த பல நாட்களும் கத்தினேன். வெள்ளை கட்டியவரைத் திட்டினால் பாவம் என்று பக்கத்துக் கடைக்கார அக்கா சொன்னாள். பாவம் சேரட்டும், எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் சேரட்டும் என்றேன்.

கத்திக்கொண்டே வேலையும் பார்த்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சின்ன நர்சிங் பள்ளியில் மார்ச்சில் இரண்டாம் சேர்க்கை இருந்தது. முதல் கல்லூரிக்கு இது உறை போடக் காணாது, ஆனாலும் ஒரு வருஷம் வீணாகாது. விண்ணப்பத்தோடு குடும்பப் பதிவுச் சான்று வைக்க வேண்டும். குவபாரா சொன்ன திருத்தம் முடிந்துவிட்டது என்று தகவல் வந்த மறுநாள், நானே போய் முதல் ஆளாக வரிசையில் நின்றேன். எங்கள் பெயர் திரும்ப ஊர்க்கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சான்றில் கிம் பகதூர் இருந்தார், குடும்பத் தலைவர். தில்மாயா இருந்தேன், மனைவி. அதோடு தாள் முடிந்தது.

என் பெண்ணை மறுபடியும் தொலைத்துவிட்டீர்களா என்று கவுன்டரைத் தட்டினேன். அங்கிருந்த பெண் பயந்துபோய்த் தேடிப் பார்த்தாள். தொலையவில்லையாம். ஜுனு முந்தின நாளே பள்ளிச் சீருடையோடு வந்து, தன்னைத் தனிக் குடும்பமாகப் பதிந்துகொண்டு போயிருக்கிறாள். விலாசம் அதேதான். பதினெட்டு முடிந்துவிட்டதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தன் சான்றையும் அப்போதே வாங்கிக்கொண்டாளாம்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி ஒத்துவராமல் போனால் அடுப்பைப் பிரிப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு புகை எழும்பும், ஊரே பேசும். கல்யாணமாகாத பெண் அடுப்பைப் பிரித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வழியெல்லாம் அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று சேர்த்துவைத்துக்கொண்டே வந்தேன். சமையற்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா பண்ணின அதே வேலையைத்தானேடி நீயும் பண்ணியிருக்கே? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா விடமாட்டே."

"அவர் மேல கோவம், சரி. நான் என்ன பண்ணினேன்? உனக்காக ஊர் முழுக்கப் போய்க் கத்தினேனே."

ஜுனு கத்தியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீ கத்தினேதான்மா. ஆனா நீ இன்னும் அப்பா பேருக்குக் கீழதானே இருக்கே. நாளைக்கு அவர் திரும்ப ஒரு கையெழுத்துப் போட்டார்னா நீயும் போயிடுவே. உன்னை நம்பி நான் எப்படி இருக்கிறது?"

அவள் மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டாள். நானும் ஒரு கைப்பிடி அள்ளி எதிரில் உட்கார்ந்தேன்.

துக்க வருஷம் முழுக்க அவர் ஒருவேளைச் சாப்பாட்டுக்காரர். கடை மூடியதும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், சான்று வாங்கியாகிவிட்டதா, எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். உங்கள் மகள் தனிக் குடித்தனம் போய்விட்டாள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எட்டிப் பார்த்தார். ஜுனு மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றே? இதோ இங்கதானே இருக்கா."

"நாமளும் அதைத்தாங்க சொன்னோம்," என்றேன். "இங்கதான் இருக்கோம், இங்கதான் இருக்கோம்னு."

தாளை அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். தன் பெயரைப் படித்தார், என் பெயரைப் படித்தார், அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தைச் சோறு ஒட்டிய விரலால் தடவிப் பார்த்தார்.